தெல்பின் டீச்சரின் நண்டு

குருசடித்துறையில் மனிதர்களின் வால் எலும்பில் குயில் கூவத் தொடங்கிய வருஷத்தில், அந்த ஊர்ப் பங்குப் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த தெல்பின் டீச்சருக்கு வயிறு எரியத் தொடங்கியது. குயிலைப் பற்றி ஊர் பேசிப் பேசி ஓய்ந்துபோன பிறகும் அவளுடைய எரிச்சல் மட்டும் ஓயவில்லை.

எல்லாம் ததேயு சார் வந்ததால்தான். சாமியாராவதற்குப் படித்து, லத்தீனும் கிரேக்கமும் கரைத்துக் குடித்து, குருப்பட்டம் வாங்க வேண்டிய நேரத்தில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பிரகாசியின் மேல் ஆசை வைத்து, அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டவர். பிழைப்புக்கு உயிரியல் படித்து வாத்தியாராகி, பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில் மனைவியையும் ஒரு தகரப்பெட்டியையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடற்கரைக்கு வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது, எதிரில் வருகிற ஆட்டுக்குக்கூட ஒதுங்கி வழிவிடுவார். இப்படிப்பட்ட ஒரு ஆள் மேல் பொறாமைப்படுவதுதான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அதற்கு ஒரு காரணமும் அவர் கொடுக்கமாட்டார்.

வந்து எடுத்த முதல் பாடமாக எலும்பு மண்டலம் நடத்தினார். முதுகெலும்பின் அடிநுனியில் இருக்கிற வால் எலும்பைப் படம் போட்டு, பக்கத்தில் காக்ஸிக்ஸ் என்று எழுதி, "இது கிரேக்கத்துல குயிலுக்குப் பேரு. குயிலோட மூக்கு மாதிரி வளைஞ்சிருக்குன்னு அந்தக் காலத்து வைத்தியன் எவனோ பேரு வச்சிட்டான்" என்று சொன்னதுதான் தாமதம், அத்தனை பிள்ளைகளுக்கும் உட்காருகிற இடத்தில் குயில் கூவியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், குயில் நசுங்காதபடி ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார்கள், அடுத்த எலும்பு என்ன சார் என்று கேட்டார்கள்.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்த அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் தெல்பின் டீச்சர் தவளையின் இதயம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கரும்பலகையில் படம் போட்டால் அழிக்க மனசு வராது, அடுத்த மணிக்கு வருகிற கணக்கு வாத்தியார் ஓரத்தில் இடம் தேடி எழுதிவிட்டுப் போவார், அப்பேர்ப்பட்ட கை. அந்தக் கையில் இருந்த சுண்ணாம்புக்கட்டி ஒடிந்து விழுந்தது, ஏனென்றால் கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்குள், அவளுடைய சொந்த வால் எலும்பில், அவளைக் கேட்காமலே ஒரு குயில் அந்தக் குரலுக்குப் பதில் கூவியது.

"கூவுனது யாரு?" என்றாள் வகுப்பைப் பார்த்து.

முன்வரிசைப் பெண் எழுந்து நின்று, "நீங்கதான் டீச்சர்" என்றாள்.

தெல்பின் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் குயிலை அமுக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ததேயு சாரின் குரல் கேட்கிற இடத்திலெல்லாம் அவள் உட்கார இடம் தேடினாள். பாவம், இடுப்பு வலிக்காரி என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோடு புழங்குகிறவர்களுக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும். தசைக்கு லத்தீனில் சுண்டெலி என்று பேர் என்று ததேயு சார் சொன்ன மறுநாள் கரைவலை இழுக்கிறவர்களின் புஜத்தில் தோலுக்கடியில் சுண்டெலிகள் ஓடின, கரையில் மீனுக்குக் காத்திருந்த பூனைகள் மீனை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தன, அதனால் ஆண்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வலை இழுத்தார்கள், அவ்வளவுதான் விஷயம். உட்செவியில் இருக்கிறது நத்தை என்றார், மழை பெய்தால் காதுமடல் வரைக்கும் நத்தை வந்து கொம்பு நீட்டிப் பார்த்தது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் நத்தைக்கு உப்பு ஆகாதென்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். விழித்திரை என்பது வலை என்றார், அதன் பிறகு யார் எதை உற்றுப் பார்த்தாலும் அது கண்ணுக்குள் சிக்கிக்கொண்டது, அடுத்த வீட்டுப் பெண்ணைச் சிக்கவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஆண்களுக்கு அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை. காறையெலும்பு சின்னச் சாவி என்றார், உடனே எல்லோருக்கும் தோளில் இருந்து ஒரு சாவி கழன்று கைக்கு வந்தது, பூட்டுக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுக் கருவாட்டு வியாபாரத்துக்குப் போனார். என்றைக்கோ சாவி தொலைந்து திறக்காமலே கிடந்த பழைய நற்கருணைப் பேழையை, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை தன் தோள்சாவியால் திறந்து கொடுத்தார். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், இதெல்லாம் லத்தீனாக இருப்பதால் திருச்சபைக்கு ஆட்சேபணை எதுவும் இருக்க முடியாது, பூசை நேரத்தில் மட்டும் குயில்களை அடக்கி வையுங்கள் என்றார். தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சின்னத் தலையணை தைத்து அதன்மேல் உட்காரவைத்தார்கள்.

இப்படி ஊர் மொத்தமும் ததேயு சார் வாயால் எழும்பியதை எடுத்துப் புழங்கிக்கொண்டிருக்க, தெல்பின் டீச்சர் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இத்தனை காலம் இதே சொற்களை அவளும்தானே சொன்னாள்? தொண்டை கட்டச் சொன்னாள், படம் போட்டுச் சொன்னாள், ராகம் போட்டு ஒப்பிக்க வைத்தாள். ஒரு எலியாவது திரும்பிப் பார்த்ததா? அவள் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் மொத்தமான அகராதி ஒன்று வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிலைக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். முழங்கால் சில்லைத் தட்டி, "பட்டெல்லா. சின்னத் தட்டு. ஏ, ஒன்னத்தான்" என்றாள். முழங்கால் முழங்காலாகவே இருந்தது.

அவள் புருஷன் ரெமிஜியூஸ் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற சாதுவான மனிதர். அவர் தோளில் கிடந்த சாவியைக் கழற்றி பீரோவைத் திறந்து துண்டு எடுத்ததற்கு அவள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டு நத்தைகளெல்லாம் உள்ளே ஒடுங்கிக்கொண்டன.

"யாரக் கேட்டுத் தெறந்திய?"

"என் எலும்புதான தெல்பினு?"

"அது அந்த ஆளு குடுத்தது. அதக் கொண்டு என் பீரோவத் தெறக்கக்கூடாது."

ரெமிஜியூஸ் சாவியைப் பழையபடி தோளில் மாட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு வேலைக்குப் போனார்.

இதில் பிரகாசி வேறு. ததேயு சாரின் மனைவி ஒரு வெள்ளந்தி. இறால் ஊறுகாய் போட்டால் முதல் பாட்டிலைத் தெல்பின் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவருவாள். "அவிய சொல்லுவாவ, தெல்பின் டீச்சர் படத்த எட்டிப் பாத்துட்டுத்தான் நான் வகுப்புக்கே போறேன், என் கைக்கு ஒரு கோடு நேரா வராதுன்னு" என்பாள். தெல்பினுக்கு அது பாராட்டாகக் கேட்காது. அந்த ஊறுகாயை அவள் சோற்றில் பிசைந்து வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவாள், சாப்பிட்டுவிட்டு அந்த ருசிக்காகவும் வயிறெரிவாள்.

கார்த்திகை வாக்கில் ததேயு சார் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி நடத்தினார். லார்வா என்றால் லத்தீனில் ஆவி, பேய் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த புழுக்களெல்லாம் விரல்கடையளவு பேய்களாக எழுந்து, தொட்டியின் விளிம்பில் வரிசையாகக் குந்திக்கொண்டு, தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகளிடம் தங்களுக்குப் பூசை வைக்கச் சொல்லி அழுதன. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் நொபெர்த்தா தீர்த்தம் தெளித்துத் தொட்டியைக் கழுவிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நோய்கள் பாடத்துக்கு வந்ததும் அவருக்கு முகம் வெளிறிப்போனது. உடனே தெல்பின் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், நோய்கள் பாடத்த நீங்க எடுங்க. அதுல லத்தீன்ல ஓநாய்ன்னு ஒரு நோவு இருக்கு, நண்டுன்னு ஒரு நோவு இருக்கு, இன்னும் என்னென்னவோ இருக்கு. ததேயு சார் வாயால அதெல்லாம் சொன்னா ஊரு தாங்குமா? இனிமே கண்ணு, காது, எலும்பெல்லாம் அவர் எடுக்கட்டும். ஆபத்தான பாடமெல்லாம் நீங்க எடுங்க."

"நான் மட்டும் எடுத்தா ஆபத்தில்லையா சிஸ்டர்?"

சிஸ்டர் நல்ல மனுஷி. நல்ல மனசோடுதான் சொன்னார். "உங்க வாயால சொன்னா ஒண்ணும் ஆகாது டீச்சர். அது எல்லாருக்கும் தெரியுமே."

மறுநாள் அது கால அட்டவணையிலேயே ஏறிவிட்டது. பெற்றோர் சங்கம் இதை வரவேற்றது. தெருவில் போகும்போது மீன்காரப் பெண்கள் அவளை நிறுத்தி, "நீங்க இருக்கது எங்களுக்கு எவ்வளவு நிம்மதி டீச்சர், நீங்க எதச் சொன்னாலும் பயமில்ல" என்று வாழ்த்தினார்கள். அவள் வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல், அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல், என் வாய்க்கு எழும்பட்டும், அது எதுவாக இருந்தாலும் சரி என்று மாதாவிடம் கேட்டாள். எதுவாக இருந்தாலும் சரி என்று கேட்கிறவர்கள் யோசித்துக் கேட்பதில்லை.

அந்தப் பாடம் நடத்துகிற நாளில் அவள் கல்யாணச் சேலைக்கு அடுத்தபடியாக இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் ததேயு சார் கண்ணின் கருவிழிப் படலத்தை நடத்திக்கொண்டிருந்தார், ஐரிஸ் என்றால் கிரேக்கத்தில் வானவில் என்றார், பிள்ளைகளின் கண்களைச் சுற்றி வானவில் எழும்பி, சுவருக்கு மேலாக வண்ணம் தெறித்தது. தெல்பினின் வகுப்பும் கழுத்தை நீட்டி அந்த வண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கரும்பலகையில் நண்டு போட்டாள். ஓடு, கொடுக்கு, கால்கள், காம்புக் கண்கள், ஒன்று விடாமல் போட்டாள். பிறகு திரும்பி நின்றாள்.

"ஊர்ல இத புத்துங்காவ, அதுவும் மெதுவாச் சொல்லுவாவ. புத்தகத்துல கேன்சர்னு போட்டிருக்கு. லத்தீன்ல அது நண்டு. கட்டியச் சுத்தி நரம்பு பொடச்சு நண்டுக்கால் மாதிரி நின்னதப் பாத்து கிரேக்கத்து வைத்தியர் தன் பாஷையில நண்டுன்னாரு, அதைத்தான் லத்தீன்காரன் மாத்திச் சொன்னான்" என்று அவள் சொன்னாள். சொல்லும்போது அவள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, சுவருக்கு மேலே தெறிக்கிற வண்ணத்தைப் பார்த்தாள். அடிவயிற்றில் இத்தனை மாதமாக வெந்துகொண்டிருந்த அத்தனையையும் திரட்டி, அந்தச் சொல்லில் ஏற்றி, இன்னொரு முறை சொன்னாள். "கேன்சர்."

வகுப்பில் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ததேயு சாரின் குரல் பாதியில் நின்றது, வானவில்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது.

அவரை ஆய்வக மேசையில் படுக்கவைத்தார்கள். சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது, வலது விலாவுக்குக் கீழே தோல் ஈரமணல் மாதிரி நெகிழ்ந்து ஒரு வளை விழுந்திருந்தது, ரத்தம் ஒரு சொட்டு இல்லை, வளையின் வாயில் இரண்டு காம்புக் கண்கள் வெளியே வந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தது. ஆட்டோவின் சத்தம் கேட்டதும் நண்டு ஆழமாகத் தோண்டியது, அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முனகினார், ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்கள். பிரகாசி ஓடிவந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. யார் அந்தச் சொல்லைச் சொன்னது என்று கேட்டார்கள். தெல்பின் டீச்சர்தான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவள் சொன்னால் ஒன்றும் ஆகாதே, சார்தான் வாய்தவறிச் சொல்லியிருப்பார் என்று ஊர் தானே முடிவுகட்டிக்கொண்டது.

ததேயு சார் மட்டும் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார்.

"டீச்சர், நீங்க எழுப்புனது. நான் கேட்டேன். உங்க குரலுக்குத்தான் அது வரும்."

"நான் வேணும்னே சொன்னேன்" என்றாள் தெல்பின். அது அவரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

"சொன்னா சொல்லிட்டுப் போங்க. நாம யாரும் எதையும் உண்டாக்கல டீச்சர். குயிலு அங்கதான் இருந்துச்சு, பேரச் சொன்னதும் முழிச்சுக்கிடுச்சு. இதுவும் எத்தன நாளா எனக்குள்ள தூங்குச்சோ. நீங்க நண்டு பிடிக்கிற குடும்பந்தான?"

ஆமாம், தெல்பினின் அம்மா வீடு கழிமுகத்தில் நூல் போட்டு நண்டு பிடிக்கிற வீடு. நூலின் நுனியில் கெளுத்தி மீன் தலையைக் கட்டி நண்டு வளைக்கு முன்னால் போட வேண்டும். நண்டு கொடுக்கால் பிடித்துக்கொண்டதும் மெல்ல மெல்ல, தூங்குகிற பிள்ளைக்குக் கீழே இருந்து துணியை உருவுகிற மாதிரி இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிட்டு ஆழத்துக்கு ஓடிவிடும், அப்புறம் அந்த வளையில் எவன் நூல் போட்டாலும் வராது. நூல் பிடித்தவரிடம் யாரும் பேசக்கூடாது, நூல் பிடித்தவர் நண்டைப் பார்க்கக்கூடாது, நூலை மட்டும்தான் பார்க்க வேண்டும். சிறுமியாக இருந்தபோது அவள் கையில் நூல் கொடுத்தால் வீட்டுக்குக் குழம்பு நிச்சயம்.

மீன் தலை வந்தது, நூல் வந்தது. அவள் நூலை விலாவுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, தணிந்த குரலில், தன் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயரைச் சொன்னாள். கண்கள் வெளியே வந்தன. இன்னொரு தடவை சொன்னாள். ஒரு கொடுக்கு வந்து மீன் தலையைக் கவ்வியது. நூல் கனத்தது.

நூலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தெல்பின் ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். ஜன்னலில் நின்ற அத்தனை கண்ணும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன, சிஸ்டர் அவருக்காகச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார், பிரகாசி அவர் தலையை ஏந்தியிருந்த விதத்தில் தன் தலையை இதுவரை யாரும் ஏந்தியதில்லை என்று தெல்பினுக்குத் தோன்றியது. சாகக் கிடக்கிறபோதுகூட இவருக்குத்தானே எல்லாம்? நூல் அவள் விரலில் இருக்கிறது. வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கை தவறிவிட்டது என்று சொன்னால் ஊர் நம்பும், அவளால் ஒன்றும் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அவள் ஆள்காட்டி விரல் மடங்கியது.

அப்போது அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இழுப்பு பிசகினால் நண்டு எங்கே போகும்? அவருக்குள்ளேதான் போகும். வாழ்நாளில் அவள் வாய்க்கு எழும்பிய ஒரே சொல், அவள் குரலுக்குக் கண்ணை நீட்டிய ஒரே உயிர், அதுவும் அவருக்குள் போய் அவருடையதாகிவிடும், அவரோடு சேர்த்து அதையும் மாலை போட்டுப் புதைப்பார்கள். மாட்டேன் என்றாள் தெல்பின் மனசுக்குள். இதைத் தரமாட்டேன். இது என்னுடையது.

அவள் நூலைப் பார்த்தாள். நூலை மட்டும் பார்த்தாள். வெயில் ஜன்னலில் இருந்து மேசைக்கு வந்து, மேசையில் இருந்து தரைக்கு இறங்குகிற வரைக்கும், மயிரிழை மயிரிழையாக இழுத்தாள். முதலில் கொடுக்குகள், பிறகு ஓடு, பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கால்கள் வந்தன. கடைசிக் கால் வெளியே வந்ததும் வளை தானாக மூடிக்கொண்டது, அலை வந்து மணலை மெழுகிவிட்டுப் போன மாதிரி. உள்ளங்கை அகலத்துக்குக் கருநீல நண்டு. அவள் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஊர் ததேயு சாரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனது. நோய் தன்னைத் தொட்டும் பிழைத்தவர் என்று பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் அவர் விலாவைத் தொட்டுப் பார்க்க வந்தார்கள். அவர் போகிற இடத்திலெல்லாம், எழுப்பியதும் இழுத்ததும் தெல்பின் டீச்சர், நான் சும்மா படுத்திருந்தேன் என்று சொன்னார். பாருங்கள், சாருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் இன்னும் உருகியது.

அவர் அனுப்பி, நோயாளிகள் சிலர் தெல்பின் டீச்சரிடமும் வந்தார்கள். அவள் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, இரக்கத்தோடு அந்தப் பெயரைச் சொன்னாள். ஒரு நண்டும் வரவில்லை. அவர்கள் மேல் அவளுக்குப் பொறாமை இல்லை, அதுதான் குறை. அவர்கள் பழையபடி மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள், சிலருக்கு ரெமிஜியூஸ் துணைக்குப் போனார்.

நண்டு அவள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் வளர்ந்தது. தினமும் கடல்தண்ணீர் கொண்டுவந்து மாற்றினாள். பெயரைச் சொன்னால் பக்கவாட்டில் ஓடிவந்து அவள் விரலை மெதுவாகக் கவ்வும். அந்தச் சந்தோஷத்தில் அவள் கொஞ்சம் சதை போட்டாள் என்றுகூட ரெமிஜியூஸ் சொன்னார்.

தவக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம் ததேயு சாரும் பிரகாசியும் ஊறுகாய் பாட்டிலோடு வந்தார்கள். அவர் பின்கட்டுக்கு வந்து நின்றதும், தொட்டியில் தூங்கிக்கொண்டிருந்த நண்டு விழித்தது. தெல்பின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அது திரும்பவில்லை. இரண்டு கொடுக்குகளையும் தூக்கிக்கொண்டு, சிமெண்டில் வழுக்கி விழுந்து விழுந்து, அவர் நின்ற பக்கமாக ஏறப் பார்த்தது.

ததேயு சார் தன் விலாவை மெல்லத் தடவிக்கொண்டார். "அது என்னத் தேடுதோ டீச்சர்?"

தெல்பினுக்கு அடிவயிற்றில் அந்தப் பழைய அடுப்பு குப்பென்று பற்றியது. அவள் பலகையை இழுத்துத் தொட்டியை மூடினாள்.

"ஆமா. ஊருல எல்லாந்தான் ஒங்களத் தேடுது. இத மட்டும் விடமாட்டேன்" என்று சொல்லி, பலகையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பலகைக்கு அடியில் நண்டு பிறாண்டியது. ததேயு சார் சிரித்து, சரி டீச்சர், வச்சிக்கிடுங்க என்றார், அந்தக் குரலுக்கு அவளுடைய வால் எலும்பில் குயில் கூவியது. தெல்பின் டீச்சர் எழுந்திருக்கவில்லை. ஆனால் குயில் நசுங்காதபடி ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்தாள், அது கூவி முடிக்கிற வரைக்கும் கூவட்டும் என்று விட்டாள்.